உள்ளதைச் சொல்லுகிறவர்

எங்கள் ஊரான இறுப்பிட்டியில் புதிதாக நகை வாங்கியவர்கள் அவர் வீட்டு ஒழுங்கையால் போகமாட்டார்கள். கோயில் வீதியால் சுற்றிக்கொண்டு போவார்கள். அவர் வாசல் படலையில் நின்றால் கையை நீட்டி, "காட்டும் பாப்பம்" என்பார். காட்டினால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

அவருடைய தகப்பனுக்கு இரத்தினபுரியில் கடை இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் விற்ற கடைதான். ஆனால் மாணிக்கக் குழிகளில் வேலை செய்தவர்கள் சாமான் வாங்க வரும்போது மடியிலிருந்து கல்லை எடுத்துக் காட்டுவார்களாம். பத்து வயதிலிருந்து அந்த மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து அவருக்குக் கல் பிடிபட்டுவிட்டது. பிறகு தமிழருக்கெதிரான கலவரத்தில் கடை எரிந்தது. ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் மிஞ்சியிருந்தது கல் பார்க்கிற ஒரு சின்ன லென்ஸ் மட்டும். மீதிக் காலம் முழுக்கத் தோட்டம் செய்தார். வெங்காயம் போட்ட கையால் லென்ஸைத் துடைத்துக் கண்ணில் வைத்துக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு வீடுகள். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவரென்றாலும் ஊரோடு சேர்ந்து நானும் அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டேன்.

ஒருமுறை சுவிஸிலிருந்து ஒருவர் திருவிழாவுக்கு வந்திருந்தார். என்னோடு படித்தவர், கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். விரலில் பெரிய பச்சைக்கல் மோதிரம். துருக்கிக்குச் சுற்றுலாப் போனபோது வாங்கியதாம். தெருவில் சந்தித்த ஒரு நல்ல மனிதன் தேநீர் வாங்கிக் கொடுத்து, தன் மாமனின் கடைக்குக் கூட்டிப்போய், 'உங்களுக்காக மட்டும்' என்று விலை குறைத்துக் கொடுத்தானாம். மடத்தில் அன்னதானத்துக்கு உட்கார்ந்திருந்த இருபது பேருக்கு நடுவில் அந்தக் கதை நடந்துகொண்டிருந்தது. அண்ணை எழும்பி வந்து, "காட்டும் பாப்பம்" என்றார். வாங்கிப் பார்த்தார்.

"இது போத்தல் கண்ணாடி. உம்மை வடிவாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்."

சுவிஸ்காரர் சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, தொடர்ந்தும் சிரித்துக்கொண்டே பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். தேர் பார்க்காமலே கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த வருடமும் வரவில்லை.

"ஏன் அண்ணை அத்தனை பேருக்கு முன்னால?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொன்னன்" என்றார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

குறிகட்டுவான் துறையிலும் இப்படித்தான். நயினாதீவுப் புத்த விகாரைக்குப் போகத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரைக்காரர் வந்து படகுக்குக் காத்து நிற்பார்கள். ஒரு பெண் அங்கே முத்துமாலை விற்றாள். கடலில் எடுத்த முத்து என்று சொல்லித்தான் விற்றாள். யாழ்ப்பாணத்தில் மொத்தமாக வாங்கிய பிளாஸ்டிக் மணிகள். புருசன் இல்லாதவள். ஒருநாள் நாங்கள் இருவரும் படகுக்கு நின்றபோது, ஒரு சிங்கள அம்மா காசை நீட்டுகிற நேரத்தில் இவர் குறுக்கே போய் நல்ல சிங்களத்தில், "இது பிளாஸ்டிக், வாங்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா மட்டுமல்ல, அந்தப் பஸ்ஸில் வந்த ஒருவருமே வாங்கவில்லை. விற்றவள் மாலைகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அவளுக்கு ரெண்டு பிள்ளையள் அண்ணை."

"அந்தப் பிள்ளையளுக்காகவும்தான் சொல்லுறன். பொய்யில வளரக்கூடாது."

அவர் சொன்னது பிழையென்று அன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் படகில் அவருக்குப் பக்கத்தில் இருக்கப் பிடிக்காமல் முன்பக்கம் போய் நின்றேன்.

அவருடைய மகன் கனடாவுக்குப் போக வெளிக்கிட்ட கதையையும் சொல்லவேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் வாகனத்தில் வந்து வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, முதலில் பாங்கொக், அங்கிருந்து மூன்று மாதத்தில் கனடா என்று கணக்குச் சொன்னான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நீர் சொல்லுற எல்லாம் சுத்துமாத்து. எழும்பிப் போம்" என்று வாசலைக் காட்டியிருக்கிறார். பிறகு மகனைப் பார்த்து, "உன்னைக் கண்டவுடன அவனுக்கு விளங்கியிருக்கு, ஏமாறக்கூடிய முகம் எண்டு" என்றாராம். அதை மகன் மறக்கவில்லை. தாய் தன் சீதனக் காணியை ஒளித்து விற்று அவனை அனுப்பினா. ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் ஒரு அறையில் அவனை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவேயில்லை. விசா முடிந்தது. மகன் அங்கேயே ஒளித்துத் திரிந்தான். தாயோடு மட்டும் தொலைபேசியில் பேசுவான். ஹோட்டல் ஒன்றில் நல்ல வேலை என்று சொல்லியிருந்தான். தகப்பனோடு ஆறு வருடம் ஒரு சொல் பேசவில்லை.

தாய் செத்தபோதும் அவன் வரவில்லை. வர ஏலாது. பாரிசில் இருந்த மகள்தான் தகப்பனுக்கு எடுத்துச் சொன்னவ: "அம்மாவும் போட்டா. ஒருக்காப் போய் அவனைப் பாருங்கோ அப்பா. விசா முடிஞ்சு நிண்டதுக்குத் தண்டம் கட்டிக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் காசு அனுப்பிறன்." துணைக்கும் ஆங்கிலத்துக்கும் என்னைப் போகச் சொன்னா. என் டிக்கெற்றையும் அவவே எடுத்தா. பள்ளிக்கூட விடுமுறை. நான் ஓம் என்றேன்.

பாங்கொக் விமான நிலையத்துக்கு மகன் வரவில்லை. மாலையில் நாங்கள் தங்கிய ஹோட்டல் அறைக்கு வந்தான். மெலிந்திருந்தான். சப்பாத்து மட்டும் பளபளவென்றிருந்தது. தகப்பன் பொதியை அவிழ்த்துப் பனம்பழப் பனாட்டு, மிளகாய்த்தூள், தாயின் படம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். அவன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"காசு கொண்டுவந்திருக்கிறன் தம்பி" என்றார் அவர். "தண்டத்தைக் கட்டிப்போட்டு என்னோட வா."

"நான் வரேல்லை. எனக்கு இஞ்ச நல்ல வேலை."

"ஒளிச்சுத் திரியிற வேலையோ?"

"வந்து என்ன செய்ய? ஏமாந்து போனவன் எண்டு ஊர் சொல்லும். முதல்ல நீங்களே சொல்லுவியள். அதுவும் ஆக்களைக் கூட்டி வைச்சுச் சொல்லுவியள்."

அவர் வாயைத் திறந்தார். நான் பயந்தேன். ஆனால் மகன் அதற்குள் எழும்பிவிட்டான். நாளைக்குப் பகல் தனக்கு வேலை, மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலையில் அறைக்குள் இருக்க முடியாமல் அரண்மனை பார்க்கப் போனோம். மதிலோரம் நடக்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். கழுத்தில் அட்டை. தான் ஒரு ஆசிரியன் என்றான். இன்று பகல் ஒரு மணி வரைக்கும் உள்ளே பூசை, அரண்மனை பூட்டியிருக்கிறது என்றான். எந்த நாடு என்று கேட்டான். இலங்கை, தமிழர் என்றேன். முகம் மலர்ந்துபோனது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் இரத்தினக்கல் கடை ஒன்றில் வரியில்லாமல் விற்கிறார்கள், அங்கே தமிழ் பேசுகிறவரும் இருக்கிறார், பார்த்துவிட்டு வர நேரம் சரியாக இருக்கும் என்று சொல்லி, யாருக்கோ தொலைபேசி எடுத்துவிட்டு ஒரு ஓட்டோவையும் கைதட்டிக் கூப்பிட்டான். நான் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் கையைப் பிடித்து, "இவன் பொய் சொல்லுறான்" என்றார்.

"என்னண்டு தெரியும்?"

"கேட்கிற கேள்விக்கு மறுமொழியைக் கேட்காமல் ஓட்டோவைப் பாக்கிறான். அரண்மனையும் பூட்டேல்லை. அங்க பாரும், சனம் உள்ளுக்குப் போகுது." பிறகு, இரண்டு நாளில் முதல்தடவையாகச் சிரித்தார். "கல்லுக் கடையெண்டுதானே சொன்னவன்? வாரும், போய்ப் பாப்பம். இந்த நாட்டுக்காரன் என்னை என்னண்டு பேய்க்காட்டுறான் எண்டு பாக்க வேணும்."

ஓட்டோவில் போகும்போது உற்சாகமாக இருந்தார். லென்ஸை எடுத்துக் கட்டியிருந்த சாரத்தின் தொங்கலால் துடைத்தார். "நிலத்துக்குள்ள கிடந்த கல்லெண்டால் உள்ளுக்க ஏதாவது இருக்கும். நூல் மாதிரி, புகை மாதிரி. ஒண்டுமில்லாமல் பளிங்கா இருந்தால் அதை நம்பாதையும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

கடை குளிர்ந்து கிடந்தது. ஒரு பெண் கும்பிட்டுக் கதிரை தந்து குளிர்பானம் வைத்தாள். தடித்த முதலாளி ஒருவர் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வேகமாக வந்தான். "வாங்க சார், உட்காருங்க சார், ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று தமிழ்நாட்டுப் பேச்சில் தொடங்கியவன், எங்கள் மேசைக்கு இரண்டடி இருக்கும்போது நின்றான்.

அது அவருடைய மகன்.

நான் எழும்பப் பார்த்தேன். மேசைக்குக் கீழே அண்ணையின் கை என் தொடையை அழுத்தியது. மகனுடைய கண் ஒருமுறை முதலாளியிடம் போய்வந்தது. பிறகு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒரு நீலக்கல்லை எடுத்து வெல்வெட்டில் வைத்தான். முதலில் தமிழில், பிறகு முதலாளிக்குக் கேட்க ஆங்கிலத்தில், பாடமாக்கியதுபோல் ஒப்புவித்தான். முதல்தரம், உத்தரவாதப் பத்திரம் உண்டு, உங்கள் நாட்டில் கொண்டுபோய் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும்.

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. 'வாங்காதேங்கோ' என்று மகன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், முதலாளிக்கு விளங்கியே இருக்காது. நான் அந்தச் சொல்லுக்காக அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை லென்ஸைக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். கல்லைத் திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து, மறுபடி பார்த்தார்.

"நல்ல கல்லோ தம்பி?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் எந்தப் பெடியனிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"நல்ல கல்லு ஐயா" என்றான் மகன்.

மூலையில் நின்ற முதலாளி ஒரு அடி கிட்ட வந்து, மகனிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ வெட்டென்று சொன்னார். மகன் தலை குனிந்தான். அண்ணை அதைக் கவனித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த பட்டியை அவிழ்த்து, மகள் அனுப்பிய காசு முழுவதையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை" என்றேன்.

"நீர் சும்மா இரும்."

மாலையில் மகன் சோற்றுப் பார்சல்களோடு அறைக்கு வந்தான். கழுத்துப்பட்டி இல்லை. கதவில் சாய்ந்து நின்றபடியே கேட்டான்.

"தெரிஞ்சு வாங்கினியளோ, தெரியாமல் வாங்கினியளோ?"

அவர் கட்டிலில் இருந்தார். நான் சன்னலோரம். பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் பொய்க்காகச் சொல் தேடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வடிவாப் பாத்துத்தானே வாங்கினனான். நல்ல கல்லு. ஏன், என்ன?"

மகன் அவருடைய முகத்தை ஆராய்ந்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "அது கண்ணாடி அப்பா. அப்ப உங்களையும் ஏமாத்தலாம்."

"அப்பிடியோ" என்றார் அவர். பிறகு, "கண் மங்கிப் போச்சு போல" என்றார்.

மகனுடைய தோள்கள் இறங்கின. ஆறு வருடமாகத் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைத்ததுபோல இருந்தது. வந்து நிலத்தில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தான். காசைத் திருப்பி எடுக்க ஏலாது என்றான். முதலாளி பொல்லாதவர், பிடித்துக் கொடுத்துவிடுவார் என்றான். அவர் "பரவாயில்லை" என்றார். தாய் கடைசியாக என்ன சாப்பிட்டா, வலி இருந்ததோ என்று அவன் கேட்டான். அவர் சொன்னார். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவன் ஊருக்கு வருவதற்கென்று பாரிசிலிருந்து அவனுடைய அக்கா அனுப்பிய காசு போய்விட்டது என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டேன். "அது கண்ணாடி எண்டு உங்களுக்கு அங்கயே தெரியும்."

"ஓம்."

"பிறகேன் அண்ணை?"

"அவன் நேற்றுச் சோறு ரெண்டாந்தரம் போட்டுத் திண்டவன். கண்டனீரோ?" என்றார். அதற்குப் பிறகு கொழும்பு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் அவரை நினைக்கும்போது எனக்குக் கண் கலங்குவதோடு போயிருக்கும்.

ஊரில் கேட்டவர்களுக்கு, மகன் பாங்கொக்கில் கல்லுக் கடையில் பெரிய வேலை என்று சொன்னார். அவர் சொன்னால் அது உண்மை. மோதிரத்தைக் கழற்றவைத்த வாய் அல்லவா. நாலு மாதம் கழித்து வசந்தியக்கா அவர் படலைக்கு வந்தா. எங்கள் ஒழுங்கைக்காரி. மகளுக்குக் கனடா மாப்பிள்ளை பேசியிருந்தது. மாப்பிள்ளைக்கு இங்கே வர ஏலாத நிலை, அதனால் பாங்கொக்கில் சந்தித்துக் கலியாண எழுத்து வைப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் சாதகத்துக்கு நீலக்கல் மோதிரம் போடவேண்டுமாம். நானும் அப்போது படலையடியில் நின்றேன்.

"உங்கட மகன் இருக்கிற கடையில நம்பி வாங்கலாமோ அண்ணை? நீங்கள் சொன்னால் காணும்."

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. தூரம் என்று சொல்லலாம், விலை என்று சொல்லலாம், யாழ்ப்பாணத்திலேயே வாங்குங்கோ என்று சொல்லலாம். ஏன் என்று வசந்தியக்கா திருப்பிக் கேட்டிருப்பா. அதற்கு மகனுடைய கடையைப்பற்றி உள்ளதைச் சொல்லவேண்டி வரும். எனக்கும் வாய் இருந்தது. நான் வேலியோரம் நின்ற ஆட்டைக் கலைத்தேன்.

"வாங்கலாம்" என்றார்.

வாங்கினார்கள். எழுத்தும் நடந்தது. பெண் கனடாவுக்குப் போன பிறகு, மாப்பிள்ளையின் தாய் மோதிரத்தைக் கொண்டுபோய்ச் சோதித்திருக்கிறா. கண்ணாடியாம். கலியாணம் குழம்பவில்லை. அவர்கள் அந்த மோதிரத்தை எறியாமல் சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, மருமகளின் வீட்டார் போட்டது என்பார்களாம். அந்தப் பிள்ளை கிழமைக்கு ஒருதடவை தாய்க்குத் தொலைபேசி எடுத்து அழும். என்னிடம் படித்த பிள்ளை.

வசந்தியக்கா அவரிடம் வந்து கேட்டபோது நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர் நடுமுற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எனக்குக் கண் தெரியேல்லை பிள்ளை. கன காலமாகவே தெரியேல்லை. வெக்கத்தில சொல்லாமல் இருந்திட்டன். அவனையும் ஆரோ ஏமாத்தியிருப்பாங்கள். அவனுக்குக் கல்லைப்பற்றித் தெரியாது."

ஊர் அதைச் சந்தோசமாகவே நம்பியது. அப்படியென்றால் முன்பு சொன்னதெல்லாம்கூடப் பிழையாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உடைந்த போத்தல் துண்டைக் கொண்டுவந்து, "அப்பு, இது வைரமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர் வாங்கிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். அந்தக் காலத்தில் நான் அவர் வீட்டுப் பக்கம் குறைவாகத்தான் போனேன். அவருடைய பொய்யைத் தெரிந்த ஒரே ஆள் நான். என்னைக் காண அவருக்கும் விருப்பமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாசியில் அண்ணை காலமானார். மகள் பாரிசிலிருந்து வந்தா. மகன் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தான். ஒரு பெடியன் கையை உயர்த்திக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மகன் அந்தச் சின்னத் திரைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் இப்போதும் அந்தக் கடையில்தான் இருக்கிறான்.

வசந்தியக்காவும் செத்தவீட்டுக்கு வந்திருந்தா. ஒப்பாரியில் சேராமல் ஒரு ஓரமாக இருந்துவிட்டு, பிரேதம் எடுத்த பிறகு, படலையடியில் நின்ற என்னிடம் வந்தா.

"மாஸ்டர், நீங்களும் அவரோட அங்க போனனீங்கள்தானே?"

"ஓம் அக்கா."

"அந்தக் கடைக்குள்ளயும் போனனீங்கள்?"

"ஓம்."

"நான் வந்து கேட்டபோதும் இதிலதான் நிண்டனீங்கள்."

நான் வீதியைப் பார்த்தேன். பிரேதம் கொண்டுபோனவர்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

"எனக்குக் கல்லைப்பற்றி என்ன தெரியும் அக்கா?" என்றேன்.

"நான் கல்லைப்பற்றிக் கேக்கேல்லை மாஸ்டர்" என்றுவிட்டு அவ வீட்டுக்கு நடந்தா.